வயநாட்டுக்கு ஊர்க்காசு குடுக்கலாமா? குரூப்ல அணைய வச்சு சண்டை ஓடுது, யோசனை சொல்லுங்க

மேலூர்ப் பய
10 ஆகஸ்ட் 2024

வணக்கம் மக்களே. மேலூர் பக்கம் சின்ன ஊரு எங்களுது, பேரு வேணாம், போட்டா நாளைக்கே ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஊருக்குள்ள சுத்த விட்டுருவாய்ங்க. ஆடி கடைசி வெள்ளிக்கு எங்க அம்மனுக்கு கூழு ஊத்தி ராத்திரி ஆடல் பாடல் வைக்கிறது வழக்கம், தலைக்கட்டு வரியும் பிரிச்சாச்சு. இந்த நேரத்துல தான் வயநாட்டுல மலை சரிஞ்சு முண்டக்கை, சூரல்மலைண்டு ஊரு ஊரா மண்ணுக்குள்ள போச்சு. ஜூலை 30 விடியிறதுக்கு முன்னாடி, தூங்கிக்கிட்டு இருந்த சனம் எந்திரிக்கவே இல்ல. அதை டிவில பாத்துட்டு எங்க இளவட்டம் எல்லாம் சேந்து இந்த வருசம் ஆடல் பாடல் வேணாம், அந்தக் காசை அப்படியே வயநாட்டுக்கு அனுப்பிரலாம்ண்டு சொன்னோம், ஊர்ப் பெரியவரு அம்பலமும் சரிண்டு தான் சொன்னாரு.

அதுக்கப்புறம் தான் ஆரம்பிச்சுச்சு. ஊர் வாட்ஸ்அப் குரூப்ல ஒருத்தன் முல்லைப்பெரியாறு அணைய உடைக்கணும்ண்டு கேரளாவுல எவனோ பேசுன வீடியோவ தூக்கிப் போட்டான். நம்ம தண்ணிக்கு வேட்டு வைக்கிறவனுக்கு நம்ம காசாண்டு ஒரு கூட்டம் கெளம்பிருச்சு. எங்க வயக்காடு பூராம் பெரியாறு பாசனம், ஒருபோகம் தான், அதனால இந்தப் பேச்சு ஊருக்குள்ள ஈஸியா எடுபடுது. இன்னொரு பக்கம் ஒரு வாய்ஸ் மெசேஜ், அணையில விரிசல் விட்டுருச்சு, மதுரை வரைக்கும் முங்கப் போகுதுண்டு ஒரு பொம்பள அழுகுற குரல்ல. அதைக் கேட்டுட்டு எங்க அப்பத்தா ராத்திரி படுக்கவே இல்ல, பட்டாவையும் ரேஷன் கார்டையும் மஞ்சப்பையில போட்டு மடியில வச்சுக்கிட்டு திண்ணையில உக்காந்துருக்கு.

இது போதாதுண்டு பஸ் ஸ்டாப்புல டீக்கடை வச்சிருக்க சேட்டன்கிட்ட ஒருத்தன் போதையில போய் வம்பிழுத்துருக்கான். அவரு எனக்கு விவரம் தெரிஞ்ச நாள்லருந்து எங்க ஊர்ல தான் இருக்காரு. நேத்து கடை தொறக்கல.

நான் கேக்குறது இதான். குடுக்குறதா இருந்தா காசா குடுக்கவா, பொருளா குடுக்கவா (ஊர்ப் பொம்பளைங்க அதுக்குள்ள பழைய சேலை வேட்டி எல்லாம் கொண்டாந்து சாவடியில குமிச்சுட்டாங்க, டாடா ஏஸ் ஒண்ணு இருக்கு, டீசல் மட்டும் போட்டா போதும்). யார்கிட்ட குடுக்கணும். இந்த அணைப் பேச்சுக்கு என்ன பதில் சொல்றது. அடிதடி ஆகாம முடிக்கணும், அவ்வளவு தான்.


கீழமாசிவீதி லோடு
10 ஆகஸ்ட் 2024

தம்பி, மொதல்ல அந்த சாவடியில குமியிறத நிப்பாட்டுங்க. மத்ததெல்லாம் பொறவு பேசலாம்.

நான் லாரி புக்கிங் லைன்ல ரொம்ப வருசமா இருக்கேன், எங்கெங்க வெள்ளம் புயல்ண்டாலும் மதுரையிலருந்து லோடு கெளம்பும்போது எங்க ஆபீஸ் வாசலுக்குத் தான் வருவாங்க. 2004 சுனாமி அப்ப நாகப்பட்டினம் பக்கம் போய்ட்டு வந்த டிரைவர் எல்லாரும் சொன்னது ஒண்ணு தான், ரோட்டோரம் பூராம் பழைய துணி. கடலுக்குப் போய் கௌரவமா சம்பாரிச்ச சனம், அடுத்தவன் கட்டிப் போட்ட துணிய எடுத்துக் கட்டுவாகளா? எடுக்கல. மழையில நனைஞ்சு மக்கிப் போய் அதை அள்ளுறதுக்குண்டு தனியா ஆள் போட வேண்டியதாப் போச்சு.

2018 நவம்பர் 16 கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறுனப்ப நானே போனேன். பேராவூரணியில எங்களுக்கு தேங்காய் லோடு ஏத்துற கமிஷன் மண்டிக்காரர் ஒருத்தர் இருக்காரு, போன் கிடைக்கவே பெரிய பாடு, கிடைச்சதும் என்னண்ணே வேணும்ண்டு கேட்டேன். சோறு வேணாம், சட்டை வேணாம், தார்ப்பாய் கொண்டாங்க, மெழுகுவத்தி கொசுவத்தி கொண்டாங்க, மரம் அறுக்குற மெசின் கிடைச்சா அதுக்கு பெட்ரோலோட கொண்டாங்க, ஜெனரேட்டர் ஒண்ணு வாடகைக்கு எடுத்து வந்தீங்கண்டா டேங்குக்கு தண்ணி ஏத்திக்கிருவோம்ண்டாரு. பாருங்க, டிவி பாத்துக்கிட்டு இங்க உக்காந்து இதுல ஒண்ணையாவது நாமளா யோசிச்சிருப்போமா? தென்னை பூராம் வேரோட சாஞ்சு கெடக்கு, கரண்டு இல்ல, கரண்டு இல்லாட்டி மோட்டார் இல்ல, மோட்டார் இல்லாட்டி தண்ணி இல்ல. அவ்வளவு தான் கணக்கு.

போற வழியில மெயின் ரோட்டு மேல இருந்த ஊர்க்காரங்க ஒவ்வொரு வண்டியையும் மறிச்சு எறக்குறாங்க, தப்பு சொல்ல முடியாது, அவுங்களுக்கும் போயிருக்கு. ஆனா அங்க பிரட் பாக்கெட்டு திங்க ஆளில்லாம பூஞ்சை புடிச்சுக் கெடக்கு, உள்ள ரெண்டு மூணு கிலோமீட்டர் போனா ஒருத்தனும் எட்டிப் பாக்கல. ஒரு ஸ்கூல் வராண்டாவுல துணி மூட்டைய பிரிச்சு நாலு பொம்பளைங்க தரம் பிரிச்சுக்கிட்டு இருந்தாக. கோட்டு ஒண்ணு, ஒத்தக்கால் செருப்பு, கொக்கி இல்லாத ஜாக்கெட்டு, யாரோ ஒரு புள்ளையோட கிழிஞ்ச டான்ஸ் டிரெஸ்ஸு, ஜிகினா எல்லாம் உதிர்ந்து. அந்தம்மா அதைத் தூக்கிக் காட்டி "இதைப் போட்டுக்கிட்டு நான் எங்கண்ணே போறது"ண்டு கேட்டுச்சு. வீட்டுக் கூரை இல்லாம நிக்கிற பொம்பள சிரிச்சுக்கிட்டே கேட்டுச்சு தம்பி.

இப்ப அணை மேட்டருக்கு வர்றேன். அந்த ஊர்ல தான் பாத்தேன், கரண்டு கம்பம் நட்டுக்கிட்டு இருந்த ஆளுங்க மலையாளத்துல கத்திக்கிட்டு இருக்காங்க. விசாரிச்சா கேரளா மின்வாரியத்து ஆளுங்க. நம்ம மின்வாரியத்து ஆளுங்களோட சேந்து சேத்துக்குள்ள நிக்கிறாங்க. கேரளா அரசாங்கம் கஜாவுக்கு 10 கோடியும் குடுத்துச்சு. இத்தனைக்கும் அதே வருசம் ஆகஸ்ட்ல தான் அவுங்க மாநிலமே வெள்ளத்துல முங்கி எந்திரிச்சிருந்துச்சு. இதை உங்க குரூப்ல போடுங்க.

டாடா ஏஸ் யோசனையும் வேணாம். கோயம்புத்தூர், மேட்டுப்பாளையம், ஊட்டி, கூடலூர்ண்டு மலை ஏறி எறங்கி மேப்பாடி போகணும், அங்கருந்து முண்டக்கைக்கு இருந்த பாலமே அடிச்சுட்டுப் போயிருச்சு, ராணுவத்துல மெட்ராஸ் சாப்பர்ஸ் ஆளுங்க 190 அடிக்கு பெய்லி பாலம் போட்டுத் தான் அந்தப் பக்கம் வண்டி போகுது. அதுல ஆம்புலன்ஸும் ஜேசிபியும் போகட்டும், நம்ம சேலை மூட்டை போய் வழிய அடைக்க வேணாம். காசா குடுங்க. கேம்ப்ல இருக்கவன் எத்தனை நாளைக்கு அங்க இருப்பான், அடுத்து வாடகை வீடு பாக்கணும், அடுப்புலருந்து கரண்டி வரைக்கும் வாங்கணும். டிவிக்காரன் கேமராவ தூக்கிட்டுப் போன பொறவு தான் செலவே ஆரம்பிக்கும்.


வைகைக் கரையான்
10 ஆகஸ்ட் 2024

லோடு அண்ணே நீங்க பெரியவரு, மரியாதை இருக்கு. ஆனா 2014லயே சுப்ரீம் கோர்ட்டு 142 அடி தேக்கலாம்ண்டு தீர்ப்பு குடுத்துருச்சு, இன்னிக்கு வரைக்கும் ஒவ்வொரு மழைக்கும் அணை உடையப் போகுதுண்டு கெளப்பி விடுறாய்ங்க, இப்ப வயநாட்டை சாக்கா வச்சு திரும்பவும் டீகமிஷன் டீகமிஷன்ண்டு, அதாவது அணைய மூடிரணும்ண்டு ஹேஷ்டேக் போடுறான். இதுக்கெல்லாம் வாய மூடிக்கிட்டு காசையும் குடுக்கணுமா? மேலூர்க்காரன் கோவப்படுறதுல என்ன தப்பு? தமிழ்நாடு அரசு தான் 5 கோடி குடுத்துருச்சுல்ல, டாக்டர் டீமெல்லாம் அனுப்பிச்சுல்ல, அது நம்ம காசு தான. போதும்.


கம்பம் காத்து
11 ஆகஸ்ட் 2024

வைகை, கோவப்படுறதுல தப்பே இல்ல. எங்க ஊர்ல பொங்கலண்ணைக்கு, அணையக் கட்டுன வெள்ளைக்கார என்ஜினியர் பென்னிகுக் படத்துக்கு மாலை போட்டு பொங்கல் வைக்கிறவங்க நாங்க, அணைய விட்டுக் குடுன்னு எவன் சொன்னாலும் மொத ஆளா ரோட்டுக்கு வருவோம், வந்தோம். 2011 டிசம்பர்ல குமுளி ரோடு அடைச்சுக் கெடந்துச்சே, ஞாபகம் இருக்கா? அப்ப நட்டம் யாருக்குங்குற? விடியக் கருக்கல்ல ஜீப்ல நெருக்கியடிச்சு ஏறி இடுக்கி ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போற எங்க பொம்பளைங்களுக்கு. அவுங்களுக்கு கூலி போச்சு, அங்க உள்ளவனுக்கு காய் எடுக்க ஆள் இல்லாமப் போச்சு. பேசுனவன் எவனுக்கும் ஒரு மயிரும் போகல. மன்னிக்கணும், வாய் தவறி வந்துருச்சு.

வயநாட்டுல செத்தவங்க யாருன்னு நெனைக்கிறீங்க? நெறைய பேரு தேயிலைத் தோட்டத்து லயத்துல, வரிசை வீட்டுல கெடந்த கூலி சனம், அதுல தமிழ்க் குடும்பங்களும் இருக்கு. அணைய உடைன்னு யூட்யூப்ல கத்துறவன் வேற எங்கயோ ஏசி ரூம்ல இருக்கான். அவன் மேல உள்ள கோவத்த லயத்துக்காரன் மேல காட்டாதீங்க.

மேலூர்த் தம்பி, உங்க அப்பத்தாகிட்ட போய் இதைச் சொல்லுங்க, அவுங்களுக்கு புரியும். பெரியாறு அணையிலருந்து நம்ம பக்கம் தண்ணி வர்றது சுரங்கம் வழியா தான். தேக்கடியிலருந்து மலையக் குடைஞ்சு வந்து, பெரிய பெரிய குழாய்ல எறங்கி, லோயர்கேம்ப் பவர்ஹவுஸுல கரண்டு எடுத்துட்டு, அப்புறம் தான் ஆத்துல விழுகுது. அந்த சுரங்கத்துக்குள்ள எம்புட்டு போகுமோ அம்புட்டு தான் வரும். அணை நெறைஞ்சு வழிஞ்சாலும் சரி, என்ன ஆனாலும் சரி, அந்த ஆறு இயற்கையா ஓடுற பக்கம் மேற்க, வண்டிப்பெரியாறு வழியா இடுக்கி அணைக்கு. மதுரை முங்குறதுக்கு வழியே கெடையாது. 1895ல கட்டுனதே மேற்க ஓடுற தண்ணிய கெழக்க திருப்பத்தானய்யா.

வைகை அணை வேற கதை, அது நம்ம தலைமாட்டுல இருக்கு. அதுக்கு முறை இருக்கு. மொத்தம் 71 அடி. 66 அடி வந்தா மொத வெள்ள எச்சரிக்கை, 68.5க்கு ரெண்டாவது, 69க்கு மூணாவது, சைரன் ஊதி, கரையோர ஊர்ல தண்டோரா மாதிரி மைக்கு கட்டி சொல்லிட்டு தான் தொறப்பாங்க. அழுகுற குரல்ல வாய்ஸ் மெசேஜ் அனுப்பி எந்த என்ஜினியரும் சொல்ல மாட்டான். சந்தேகம்ண்டா 1077க்கு போன் போடுங்க, மாவட்ட கண்ட்ரோல் ரூம், எடுப்பாங்க. அந்த மெசேஜ சுத்த விடுற பயகிட்ட பேரிடர் மேலாண்மை சட்டம் 2005, பிரிவு 54ன்னு ஒண்ணு இருக்குன்னு மட்டும் சொல்லி வைங்க, பொய்யா பீதி கெளப்புனா ஒரு வருசம் வரைக்கும் உள்ள வைக்கலாம் இல்லாட்டி அபராதம். ஸ்டேஷனுக்குப் போக வேணாம், சொன்னாலே டெலீட் பண்ணிருவான்.

இன்னொண்ணும் சொல்லணும். வண்டிப்பெரியாறுல இருக்குறவனும் மழை அடிச்சா தூங்காமத்தான் கெடப்பான். மலை சரிஞ்சத டிவில பாத்தவனுக்கு தலைக்கு மேல அணை இருந்தா பயம் வராதா. அங்கயும் தோட்டத்துல நெறைய நம்ம சனம் தான். உங்க அப்பத்தா மஞ்சப்பைய மடியில வச்ச மாதிரி அங்க ஒரு அம்மச்சி வச்சுக்கிட்டு உக்காந்துருக்கும். அணை பலமா இருக்குங்குறது நம்ம கட்சி, அதை கோர்ட்டுல பேசிக்கிருவோம்.


வாடிப்பட்டி அக்கா
11 ஆகஸ்ட் 2024

எல்லாரும் அணையவே பேசுறீங்க, நான் காசு விசயத்தைப் பேசுறேன், ஏன்னா ஊர் ஒடையிறது காசுல தான். நான் மகளிர் குழுவுல கணக்கு பாக்குறவ.

தம்பி, தலைக்கட்டு வரிய அப்படியே தூக்கி வயநாட்டுக்கு அனுப்புறேன்னு சொன்னீங்க பாருங்க, அங்க தான் இடிக்குது. வரி குடுத்தவன் சாமிக்குன்னு குடுத்தான். அவன்கிட்ட கேக்காம அதை வேறதுக்கு திருப்பினா, நல்ல காரியமாவே இருந்தாலும், அடுத்த வருசம் வரி கேட்டு போறப்ப போன தடவை குடுத்தது எங்கடான்னு கேப்பான். இப்ப அணைன்னு கத்துறவய்ங்கள்ல பாதிப் பேருக்கு உள்ள உள்ள கோவம் இதுவாத் தான் இருக்கும், எங்களைக் கேக்காம சின்னப்பயலுக முடிவு பண்ணிட்டாய்ங்கன்னு. அதை வெளிய சொல்ல முடியாது, அதனால அணையப் புடிச்சுக்கிட்டாக. அதுபோக ஆடல் பாடல் காரங்களுக்கு அட்வான்ஸ் குடுத்துட்டீங்களா? அவுங்களுக்கும் இந்த ஆடி மாசம் விட்டா பொழப்பு இல்ல, அதையும் யோசிங்க.

திருவிழாவ திருவிழாவா நடத்துங்க. வயநாட்டுக்கு தனியா மொய் விருந்து வைங்க. இது நான் புதுசா கண்டுபுடிச்சது இல்ல, இந்த மாசம் திண்டுக்கல்ல ஒரு பிரியாணிக் கடைக்காரங்க வயநாட்டுக்குன்னே மொய் விருந்து வச்சாங்க, பேப்பர்ல எல்லாம் வந்துச்சு. இலையப் போட்டு சாப்பாட்டைப் போட்டாங்க, சாப்புட்டவங்க பில்லுக்குப் பதிலா மொய் வச்சுட்டுப் போனாங்க. பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் ஆடி ஆவணின்னா இதே வேலை தான. நம்ம மதுரை சனத்துக்கு உண்டியல் குலுக்குனா ஒம்போது கேள்வி கேக்கும், மொய் நோட்டைத் தொறந்து வச்சா ஒரு கேள்வி கேக்காது, தானா பாக்கெட்டுக்குள்ள கை போகும்.

லோடு அண்ணன் சொன்னாருல, கஜாவுக்கு அவுங்க 10 கோடி செஞ்சாங்க, ஆள் அனுப்புனாங்கன்னு. அப்ப அது நமக்கு வந்த மொய். ஒருத்தன் நம்ம வீட்டுக் காதுகுத்துக்கு செஞ்சுட்டு, பக்கத்து வயலு வரப்பு தகராறுல நம்ம மேல கேஸும் போட்டுருக்கான்னு வைங்க. அவன் வீட்டு விசேசத்துக்கு திருப்பிச் செய்யாம விடுவமா? கேஸு கேஸா நடக்கும், செய்முறை செய்முறையா நடக்கும். இதை அந்த மாதிரியே மைக்குல சொல்லுங்க, பெருசுகளுக்கு வேற ஒரு விளக்கமும் தேவையில்ல.

நோட்டு எழுதுற ஆளு ரெண்டு பேரா இருக்கட்டும், ஒருத்தர் வேணும்னு சொல்ற கட்சியிலருந்து, ஒருத்தர் வேணாம்னு சொல்ற கட்சியிலருந்து. ஊர் பேரு, அப்பா பேரு, ஆள் பேரு, ரூவா, எழுத்தால ஒரு தடவை எண்ணால ஒரு தடவை. ராத்திரியே கூட்டி மைக்குல வாசிச்சு, கடைசிப் பக்கத்துல அம்பலம் கையெழுத்து. பத்து ரூவா வச்ச கெழவி பேரையும் அதே சத்தத்துல வாசிங்க. 2020 கொரோனா சமயத்துல மதுரை கலெக்டர் ஆபீஸுக்கு ஒரு பெரியவர் வந்து வந்து, பிச்சை எடுத்து சேத்த காசு பத்தாயிரம் பத்தாயிரமா நிவாரண நிதிக்கு குடுத்துட்டுப் போனாரே, சுதந்திர தினத்துக்கு விருது கூட குடுத்தாங்க. பெரிய கை சின்னக் கைன்னு பாக்காதீங்க.

பேனர் அடிக்காதீங்க. அடிச்சா யார் மூஞ்சி பெருசுன்னு அடுத்த சண்டை.

சாவடியில குமிஞ்ச துணி? எடைக்கு வாங்குற வியாபாரி இருக்காங்க, மெக்கானிக் ஷாப்பு, பட்டறைக்கெல்லாம் வேஸ்ட் துணியா போகும். வர்றது கொஞ்சம் தான், அதையும் "சாவடித் துணி வித்த வகையில"ன்னு நோட்டுல எழுதிருங்க. குடுத்த பொம்பளைங்க மனசு கோணாது.

அப்புறம் அந்த சேட்டன். அவரு உங்க ஊரு விசேசத்துக்கு மொய் எழுதுறவரா இல்லையா? உங்க வீட்டு நோட்டைத் தொறந்து பாருங்க. பாத்துட்டு, அம்பலத்தைக் கூட்டிட்டு போய் அவர் கடையில நாலு பேரு டீ குடிங்க. பேச வேணாம், டீ குடிச்சா போதும்.


பேங்க் பாண்டி
12 ஆகஸ்ட் 2024

அக்கா எல்லாத்தையும் சொல்லிட்டாங்க, நான் அனுப்புற வழிய மட்டும் சொல்றேன்.

குரூப்ல வர்ற கியூஆர் கோடை எதையும் ஸ்கேன் பண்ணாதீங்க, எவ்வளவு அழுக வைக்கிற போட்டோ இருந்தாலும். கேரளா அரசாங்கமே மோசடிக்கு பயந்து நிவாரண நிதி வெப்சைட்லருந்து கியூஆர் கோடை எடுத்துட்டாங்க. முதலமைச்சர் நிவாரண நிதிக்கு குடுக்குறதா இருந்தா அவுங்க அரசு வெப்சைட்டுக்கு, முடிவுல கவ் டாட் இன் இருக்கான்னு பாத்து, நீங்களா டைப் பண்ணி போங்க. ஊர்க் காசுங்கிறதால என்னோட யோசனை டிடி தான், டிடி யார் பேருக்கு எடுக்கணும்ங்குறதையும் அந்த வெப்சைட்ல உள்ளபடியே எழுத்து பிசகாம எழுதுங்க, டிடி ஜெராக்ஸை மொய் நோட்டுல ஒட்டிருங்க. கடைசி வரைக்கும் பேச்சுக்கு இடமில்ல. ஏமாந்துட்டா சைபர் மோசடி புகார் நம்பர் 1930, லேட் பண்ணாம அடிக்கணும், காசு கைமாறுறதுக்குள்ள அடிச்சா தான் புடிக்க முடியும்.

வருமான வரி கட்டுறவங்க யாராச்சும் ஊர்ல இருந்தா அவுங்க தனியா தன் பேருலயே அனுப்பிக்கிறது நல்லது, ஊர் பேர்ல ரசீது வந்தா தனி ஆளுக்கு விலக்கு கிடைக்காது. எந்த மாநில முதலமைச்சர் நிவாரண நிதியா இருந்தாலும் வருமான வரிக் கணக்குல முழுசா கழிச்சுக்கலாம். ஆனா பழைய வரி முறையில இருக்கவங்களுக்குத் தான், புது முறைக்குப் போயிட்டா இல்ல. ரொக்கமா குடுத்தா 2000 ரூவாய்க்கு மேல கணக்குல எடுக்க மாட்டாங்க. பொருளா குடுத்தா சுத்தமா கிடையாது.

மேலூர் பக்கம்னா சிங்கப்பூர், துபாய்ல ஆளு இருப்பாங்களே, அவுங்களும் போடுறேன்னு நிப்பாங்க. இந்திய பாஸ்போர்ட்டா இருந்து தன் சம்பாத்தியத்தை பேங்க் வழியா அனுப்புனா பிரச்சனை இல்ல. அங்கேயே குடியுரிமை வாங்கிட்டவர்னா அது வெளிநாட்டுப் பணம், அதை ஊர் அக்கவுண்ட்ல வாங்கி தொலைச்சுறாதீங்க, அதுக்கு தனி சட்டம் இருக்கு. அவரு அனுப்பலாமா, எப்படி அனுப்பணும்னு நேரா நிவாரண நிதி ஆபீஸ்லயே கேட்டுக்கச் சொல்லிருங்க.


வைகைக் கரையான்
12 ஆகஸ்ட் 2024

கஜாவுக்கு கரண்டு ஆளுங்க வந்தது சத்தியமா எனக்குத் தெரியாது. எங்க பெரியம்மா ஊரு பட்டுக்கோட்டை, போன் பண்ணிக் கேட்டேன், ஆமாடா வந்தாய்ங்க, மீன் கொழம்பு வச்சுக் குடுத்தோம்ண்டு சொல்லுது. சரி, குடுக்குறவங்க குடுங்க. ஆனா அணை விசயத்துல ஒரு அடி கூட விட்டுக் குடுக்க முடியாது, அதையும் மைக்குல சொல்லணும்.


கம்பம் காத்து
12 ஆகஸ்ட் 2024

யாருய்யா விட்டுக் குடுக்கச் சொன்னா. நானும் வந்து சேந்து சொல்றேன். ஆனா மொய் மைக்குல வேணாம், அதுக்கு வேற மேடை போடுவோம்.


மேலூர்ப் பய
14 ஆகஸ்ட் 2024

எல்லாருக்கும் நன்றி. நேத்து சாவடியில கூட்டம் போட்டோம். அக்கா சொன்னது கரெக்ட்டா இருந்துச்சு, வரிக் காசுல கை வைக்கலண்டு சொன்ன ஒடனே பாதி சத்தம் அடங்கிருச்சு. வீடியோ போட்டவனையே நோட்டு எழுத உக்கார வைக்கிறதா முடிவு, அவன் கையெழுத்து நல்லாருக்கும். இன்னும் ரெண்டு குடும்பம் குடுக்க மாட்டோம்ண்டு தான் சொல்லுது, சரி, கட்டாயம் இல்லண்டு விட்டாச்சு. ஆடல் பாடல் அட்வான்ஸ் குடுத்தது குடுத்தது தான், நடக்கும், ஆனா பன்னெண்டு மணியோட முடிச்சுக்கிறதா பேச்சு. பாப்போம், நம்பிக்கை இல்ல.

அப்பத்தாகிட்ட சுரங்கம், குழாய் எல்லாம் தரையில குச்சி வச்சுக் கோடு போட்டுக் காட்டுனேன். கேட்டுட்டு "அப்ப அந்தப் பக்கத்து சனம் தாண்டா பாவம்"ண்டு சொல்லிட்டு பட்டாவ மறுபடி டிரங்குப் பெட்டிக்குள்ள வச்சிருச்சு. வாய்ஸ் மெசேஜ் எங்கருந்து வந்துச்சுண்டு ஒவ்வொருத்தனா கேட்டா எல்லாரும் வேற குரூப்பைக் கை காட்டுறாய்ங்க, பிரிவு 54ண்டு போட்டேன், கம்பம் அண்ணே சொன்ன மாதிரியே அஞ்சு நிமிசத்துல காணோம்.

சேட்டன் கடை தொறந்துட்டாரு. எங்க அக்கா சடங்கு நோட்டுல அவர் பேரு இருக்கு, ஐநூத்தி ஒண்ணு. அவரு விருந்துக்கு டீ முழுக்க தன் பொறுப்புண்டு சொல்லிட்டாரு, அம்பலம் டீ வேணாம், விருந்துக்கு யாருய்யா டீ குடிப்பா, ரசத்துக்கு ஏதாச்சும் செய்யிங்கண்டு சொல்லி அதுல கொஞ்ச நேரம் வாக்குவாதம்.

ஆவணி பொறந்து மொத ஞாயித்துக்கெழமை விருந்து. ஆட்டுக்கறி தான். ஆடு ஒண்ணு ஒருத்தர் குடுத்துட்டாரு, அரிசி இன்னொருத்தர், சமையல்காரர் பாதிக் கூலி போதும்ங்குறாரு.


கீழமாசிவீதி லோடு
14 ஆகஸ்ட் 2024

நல்லது தம்பி. செலவையும் நோட்டுல எழுதுங்க, ஆடு குடுத்தவர் பேரு உட்பட. வெளியூர்க்காரங்க வந்து மொய் எழுதலாமா?


மேலூர்ப் பய
14 ஆகஸ்ட் 2024

தாராளமா வாங்கண்ணே. ஜிபே எல்லாம் கெடையாது, ரொக்கம் தான், நோட்டு எழுதுறவன் இன்னும் யாரையும் நம்ப மாட்டேங்குறான். வைகை அண்ணனையும் இழுத்துட்டு வாங்க.